பின்னிணைப்பில் இல்லாதது

அறுபத்து நான்கு பக்கம்.
ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு கிறுக்கல்:
ஒன்று ஹாலிஃபாக்ஸ் கம்பெனியினுடையது,
ஒன்று அரசாங்கத்தினுடையது.
அரசாங்கமாக அன்று கிறுக்கியவன் நான்.

சஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
காரில் கிடந்த பேனா உறைந்துவிட்டது.
கக்கத்தில் இடுக்கி இளக்கினேன்.
கம்பெனிக்காரர் டெஸ்மண்ட் கோமோ
கடைசிவரை கோட்டைக் கழற்றவில்லை.

கொடுத்தது ஒரு சவ்வு.
உப்புநீரை வடிக்கும்; வெங்காயத் தோலைவிட மெல்லியது.
கூடவே கலவை வீதம், உலையின் சூடு,
அது ஏறும் வேகம், இறங்கும் வேகம்,
பஞ்சில் பொதிந்த பதினெட்டு மாதிரி.
ஐந்தாண்டுக்கு அவர்களுக்கு மட்டுமே உரிமை.
விற்பதில் நூற்றுக்கு மூன்று கருவூலத்துக்கு.

மார்ச்சில் முதல் கடிதம்:
'கொப்பளிக்கிறது, அம்மை போட்டதுபோல.'
ஏப்ரலில் வந்தது வக்கீல் கடிதம்.
அதில் மரியாதை கூடியிருந்தது.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சமன்பாட்டில் பிழையில்லை என்றார் டாக்டர் ஃப்ரீசன்.
பின்னிணைப்புகளை அ முதல் ஊ வரை புரட்டினேன்.
எழுதியதெல்லாம் சரி.
எழுதாமல் விட்டதை
எந்தப் பக்கத்தில் தேடுவது?

லாரிசா ஹ்ரின்சுக்கை அனுப்பினோம்.
பதினோரு ஆண்டாய்ச் சவ்வைப் பூசும் கை அவளுடையது.
காப்புரிமையில் மூன்று பெயர்.
அவளுடையது நான்காவது,
அதாவது இல்லை.
ஒப்பந்தத்தைப் பையில் வைத்து, குடையை மறந்து,
நானும் போனேன்.

துறைமுகம் முழுக்க மூடுபனி.
கம்பெனியின் செங்கல் சுவர் வியர்த்து நின்றது.
மூன்று நாள் அவள் எதையும் தொடவில்லை,
அவர்கள் பூசுவதைப் பார்த்தாள்.
அவளைவிடச் சுத்தமாகவே பூசினார்கள்.

நான்காம் நாள்
பழக்கத்தில் பைக்குள் கைவிட்டு
உதட்டுக் களிம்பை எடுத்தவள்
மூடியைத் திறக்காமல் நின்றாள்.
நாக்கால் உதட்டைத் தடவினாள்.
"வெடிக்கவே இல்லை."
எது என்றார் கோமோ, பதறி.
"என் உதடு. வந்து நாலு நாளாச்சு, வெடிக்கவே இல்லை."

எங்கள் ஊரில்
துவைத்த துண்டு அரைமணியில் பலகை.
கதவைத் தொட்டால் விரலில் பொறி.
பூசிய தட்டை உலைக்குள் தள்ளுமுன்
எட்டு நிமிடம் அப்படியே வைப்பாள்,
காபி குடிக்க.
அந்த எட்டு நிமிடத்தில்
கூலி கேட்காத ஒருத்தன் வேலை செய்திருக்கிறான்:
சமவெளியின் வறட்டுக் காற்று.
"ஜூலையில் மட்டும் ஏன் பாதி தேறாதென்று
பதினோரு வருஷமா மாவுக்காரனைத் திட்டினேன்" என்றாள்.

கோமோ உலர்த்தும் பெட்டி வாங்கினார்.
சனிக்கிழமை
சவ்வு வெளியே வந்தது, அசையாத குட்டைபோல.
கைதட்டினார்கள். எனக்கும் ஒரு பியர்.

விமானத்தில்தான் பதினொன்றாம் பிரிவைப் படித்தேன்:
'உரிமம் பெற்றவர் வளாகத்தில் கண்டறியும் மேம்பாடு
உரிமம் பெற்றவருக்கே.'
அதை எழுதியவன் நானேதான்.
முற்றுப்புள்ளிகூட என்னுடையது.
பக்கத்து இருக்கையில் லாரிசா
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆக, எட்டு நிமிடம்,
ஈரப்பதம் நூற்றுக்குப் பதினைந்துக்குக் கீழே,
இப்போது ஹாலிஃபாக்ஸின் சொத்து.
எங்கள் ஜனவரியை
கடலோரத்தில் ஒரு கம்பெனி
சட்டப்படி வைத்திருக்கிறது.
மோசடி என்று சொல்ல மாட்டேன்.
கோமோ நல்லவர், தவணை தவறாமல் கட்டுகிறார்.
கடலோர ஊர் ஒன்று அந்தத் தண்ணீரைக் குடிக்கிறதாம்.

இன்று மைனஸ் இருபத்தெட்டு.
லாரிசா தட்டை மேசையில் வைத்துவிட்டு
வெடித்த உதட்டில் களிம்பு தடவிக்கொள்கிறாள்.
"இந்தக் காத்துக்கு அனுமதி வாங்கியாச்சா?"
கடிதம் போட்டிருக்கேன், பதில் வரல என்கிறேன்.
அவள் காபி எடுக்கப் போகிறாள்.
தட்டில்
மூன்றாவது நிமிடம் ஓடுகிறது.